சட்டை செய்யாத சட்டை

பெண்களின் இடுப்பை நினைத்து அல்லும் பகலும் விசனப்படுவதற்கென்றே ஒரு சட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. விலை, ஒரு சின்னக் கப்பலின் விலை. எடை, ஒரு கன்றுக்குட்டியின் எடை. அதை மாட்டிக்கொண்டு ஒருத்தி இரும்பு உத்தரத்தைத் தூக்கப் போனால், அது உத்தரத்தை அம்போவென்று விட்டுவிட்டு அவளுடைய தொப்பையை உள்ளே இழுக்கும்.

இப்போது அந்தச் சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தவள் அமலோற்பவம், சுருக்கமாக அமலி. தூத்துக்குடித் துறைமுகத்தில் பாதி ஆயுசுக்குக் கிரேன் ஓட்டியவள். அவள் நடந்து வந்தால் எதிரே வரும் லாரி ஒதுங்கும் என்று ஊரில் பேச்சு. லாரிகளைக் கேட்டால் அவையும் ஆமாம் என்றுதான் சொல்லும். கிரேன்களெல்லாம் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டு ஓட்டுநர்களைக் கீழே இறக்கிவிட்ட பிறகு, உயரத்தில் மனிதக் கைக்கு மிச்சமிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கடலுக்குள் நட்டு வைத்திருந்த ராட்சதக் காற்றாலைகளில் ஏறித் துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றுகிற வேலை. பறக்கும் எந்திரங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வாடைக்காற்று அவற்றை ஈசல்போல அள்ளிக் கடலில் போட்டது. ஆகவே மனிதர், ஆகவே சட்டை.

நீலத்திரை ஆற்றல் நிறுவனத்தார் அதற்கு வைத்த பெயர் 'நரம்பிணைப்புப் பணியுடை'. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உடையை மாட்டிக் கழற்றிவிடலாம் என்பதால் தொழிலாளிகள் 'சட்டை' என்றார்கள். அதில் பித்தானும் கிடையாது, நெம்புகோலும் கிடையாது. உள்ளே இருப்பவரின் நரம்பு சொல்வதை அது செய்யும். ஆனால் கையைத் தூக்கு என்று நரம்பு சொன்னால், அது எப்பேர்ப்பட்ட கை, எதைத் தூக்குகிற கை என்று சட்டைக்குத் தெரிய வேண்டுமே? நம் உடம்பை நாம் மனத்தில் எப்படி வைத்திருக்கிறோமோ, அந்தப் படம் அதற்கு வேண்டும். படத்தைக் கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளும். பதிலைக் கூட்டிக் கழித்து 'உடல் நிறைவு எண்' போடும். எண் குறைந்தால் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

"ரெடியா மேடம்?" என்றார் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த முனைவர் மாறப்பன். உடம்பைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்து ஆராய்ந்து, தமக்கு ஒரு உடம்பு இருப்பதையே மறந்துபோனவர். நாற்காலியில் மடித்துவைத்த குடைபோல இருந்தார்.

"ரெடி."

காதுக்குள் ஒரு குரல், பாடப்புத்தகம் வாயைத் திறந்ததுபோல ஆரம்பித்தது. "வணக்கம். கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் இடுப்பு உங்களுக்கு மனவருத்தம் தருகிறதா? எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது. இந்நான்கில் ஒன்றைக் கூறவும்."

"தராதுன்னு சொல்ல வழியில்லையா?"

"இந்நான்கில் ஒன்றைக் கூறவும்."

"நா எதுக்குக் கண்ணாடி முன்னால போயி நிக்கப் போறேன்? சோலி கெடக்கு."

"கண்ணாடியைத் தவிர்க்கிறீர்கள். 'எப்போதும்' என்று பதிவு செய்யப்பட்டது. அடுத்து, உங்கள் கைகளின் பருமனைப் பற்றிப் பிறர் என்ன எண்ணுவார்கள் என்று கவலைப்படுகிறீர்களா?"

"இந்தக் கையாலதான் நாலு பேருக்குச் சோறு போடுதேன்."

"நாலு பேர் என்ன எண்ணுவார்கள் என்ற கவலை, மிகுதி. பதிவு செய்யப்பட்டது."

இப்படியே போயிற்று. தொடை, தாடை, கழுத்துக்குக் கீழே தொங்கும் சதை, கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ என்று ஒன்றையும் விடவில்லை. அவள் உடம்பில் அவளுக்கே தெரியாத மூலைகளையெல்லாம் தேடிப் பிடித்து அங்கே ஒரு துக்கத்தை வைத்துவிட்டு வந்தது. பிறகு உத்தரத்தைத் தூக்கச் சொன்னார்கள்.

அமலி குனிந்தாள். சட்டை அவள் வயிற்றை முதுகெலும்பு வரைக்கும் இழுத்தது. முட்டியோடு முட்டியை ஒட்டிவைத்தது. உத்தரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதோ இல்லையோ, மாறப்பன் அவளைப் பார்க்கிறார் என்று சட்டைக்குப் புரிந்துவிட்டது. பிடித்திருந்த வலது கையை விட்டுவிட்டு, இல்லாத துப்பட்டாவைத் தோளில் சரிசெய்தது.

உத்தரம் விழுந்ததில் தரையில் விழுந்த விரிசல் கண்ணாடிச் சுவருக்கு அடியில் புகுந்து மாறப்பனின் நாற்காலிக் காலைப் போய்த் தொட்டு விசாரித்துவிட்டு நின்றது.

"என்ன சார் இது? இந்தச் சட்டை என்னையச் சட்டையே பண்ண மாட்டேங்கு!"

"சட்டை சரியாத்தான் இருக்கு மேடம். உங்களுக்கு உங்க உடம்பு மேல திருப்தி இல்ல."

"எனக்கு ஒங்க சட்டை மேலதான் திருப்தி இல்ல."

"பார்த்தீங்களா, கோபம். அதுவும் ஒரு அறிகுறி." மாறப்பன் பரிவோடு குறித்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. அதுலயும் எண் வரலைன்னா, மேடம், வரவேற்பறை இருக்கு. குளிர்சாதனம். வர்றவங்களுக்குப் பூங்கொத்து கொடுக்கணும், அவ்வளவுதான்."

உயரத்தில் அல்ல, தரையில் நின்றால்தான் அமலிக்குத் தலை சுற்றும். கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே கப்பல்கள் தீப்பெட்டிகளாகக் கிடக்க, இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற பிறவி. அவளைப் பூங்கொத்தோடு தரைத்தளத்தில் நிறுத்துவதும் சுறாவைத் தொட்டியில் விடுவதும் ஒன்றுதான்.

அவளுக்கு அடுத்து வந்தவன் தொம்மை. அவளுடைய கொழுந்தன், கப்பலில் சமையல் பார்க்கும் அவள் புருஷன் சூசைக்கு நேர் இளையவன். அவனும் கிரேன்காரன்தான். சின்ன வயதிலிருந்தே கடற்கரையில் அவனுக்கு 'நெத்திலி' என்று பெயர். அந்தப் பெயரை அழிக்க அவன் குடித்த சத்துமாவில் ஒரு பேக்கரி நடத்தியிருக்கலாம். மாவு போன வழி தெரியவில்லை, நெத்திலி அப்படியே நின்றது. அதனால் சட்டைக்குள் பனியன், பனியனுக்குள் பனியன் என்று வெங்காயம்போல உடுத்துவான். சித்திரை வெயிலிலும் அதே வெங்காயம்தான்.

"வாங்க சார், ரெடியா?" என்றார் மாறப்பன்.

தொம்மையிடம் சட்டை வேறு பாஷை பேசியது. "வணக்கம். உங்கள் தோள்களால் எதைத் தூக்க முடியும்?"

"என்னத்த வேணும்னாலும்."

"உங்கள் கால்கள் எப்போது களைப்படையும்?"

"எங்க வம்சத்துலயே அது கெடையாது."

"உங்கள் உடல் ஆற்றலில் ஏதேனும் குறை உண்டா?"

"எனக்கென்ன கொறைச்சல்?" என்றான் தொம்மை, நெஞ்சை முன்னால் தள்ளி. நெஞ்சு வந்ததோ என்னவோ, பனியன்கள் வந்தன.

முழு எண். சட்டை உத்தரத்தைப் புட்டுக்குழாய்போலத் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றியது. தொம்மை அதற்குள் ஊறுகாய் ஜாடியில் மாங்கொட்டைபோலக் கிடந்தான். மாறப்பன் எழுந்து நின்று கை தட்டினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அமலி பட்டறைக்குப் போய்ச் சுடர்க்கொடியைப் பிடித்துக்கொண்டாள். சட்டைகளைப் பராமரிக்கும் பொறியாளர் அவள். மதுரைக்காரி. கையில் திருப்புளியும் வாயில் பொரிகடலையும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"ஒரு தடவ மாட்டிப் பழகிக்கிடுதேன், தா."

"மாட்டுங்கக்கா. ஆனா எதையும் ஒடைச்சிராதீங்கக்கா."

மாட்டினாள். வயிறு உள்ளே போயிற்று, முட்டி ஒட்டிற்று. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போனால், சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு பூஜைக்குப் போவதுபோலத் தூக்கியது. அமலி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தபோது, தூக்குவாளியோடு உள்ளே வந்த டீக்கடைக்காரர் இந்த இரும்பு முதுகைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, டீ போடவா?"

'விசுக்'கென்று வயிறு விடுதலையாயிற்று. கால்கள் அகன்றன. தோள் விரிந்தது. காதுக்குள் புத்தம் புதிய மரியாதை: "வணக்கம். உங்கள் தோள்களால் எதைத் தூக்க முடியும்?"

அமலி வாளியைத் தூக்கினாள். பிறகு வாளி வைத்திருந்த மேசையைத் தூக்கினாள். பிறகு, சும்மா ஒரு சந்தோஷத்துக்கு, டீக்கடைக்காரரைத் தூக்கினாள்.

"எறக்கி விடுங்கக்கா!" என்று சுடர்க்கொடி அலறியதும் மறுபடி வயிறு உள்ளே போயிற்று. டீக்கடைக்காரர் தொப்பென்று விழுந்தார். நல்லவேளை, டீ சிந்தவில்லை.

சுடர்க்கொடி பொரிகடலையை மெல்லுவதை நிறுத்தினாள். "கண்டுபிடிச்சிட்டீங்க போல."

"எதை?"

"ஆணா பொண்ணான்னு எங்கயும் கேக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சுல்ல. கேள்வித்தாள்ல இருந்து அந்தக் கட்டத்தை எடுத்துட்டாங்க. 'எங்கள் கேள்விகள் பால் பேதமற்றவை'ன்னு வாசல்ல பலகை கூடப் பாத்திருப்பீங்களே?"

"பித்தளைப் பலகை. பாத்தேன்."

"ஆனா உள்ள ரெண்டு தாளும் அப்படியேதான் இருக்கு. பொம்பளைத் தாள் எப்பவோ எந்த ஊர்லயோ, பட்டினி கெடந்து மெலியற காலேஜுப் பிள்ளைங்களுக்குன்னு எழுதினது. ஆம்பளைத் தாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க எழுதினது. ரெண்டையும் வாங்கித் தமிழ்ப்படுத்தி ஒரே அட்டைக்குள்ள தைச்சிட்டாங்க."

"கேக்காம எப்படித் தெரியுது அதுக்கு, நா யாருன்னு? குரலை வச்சா?"

"குரலை வச்சு முடிவு பண்ணினா பாரபட்சமாம். அதையும் எடுத்தாச்சு. அது கேக்காது. ஒட்டுக் கேக்கும். பக்கத்துல இருக்கறவங்க உங்களை எப்படிக் கூப்பிடறாங்கன்னு காது கொடுத்துக்கிட்டே இருக்கும். அக்கா, மேடம், மதினின்னா இந்தத் தாள். அண்ணாச்சி, சார், மாமான்னா அந்தத் தாள். கடைசியா எது காதுல விழுந்துச்சோ அதுதான் கணக்கு."

அமலியின் சட்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கிரேன் சங்கு ஊதுவதுபோல என்று டீக்கடைக்காரர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.

"அப்போ நீ என்னைய அண்ணாச்சின்னு கூப்பிட்டாப் போதும்."

"நான் கூப்பிட்டுருவேன். மாறப்பன் சார் வாயைத் தொறந்தா மேடம்னு சொல்லிருவாரே?"

அதற்கும் சுடர்க்கொடியே வழி கண்டாள். தேர்வன்று காலையில் மாறப்பனிடம் போய், "சார், தேர்வு நேரத்துல ஆய்வாளரோட குரல் கேட்டா முடிவு பாதிக்குதுன்னு புதுசா ஒரு ஆய்வு வந்திருக்காமே?" என்றாள். அப்படி ஓர் ஆய்வு உலகத்தில் கிடையாது. முனைவர் புருவத்தை உயர்த்தி, "போன வாரமே படிச்சிட்டேன். சில குறைகள் இருந்தாலும் நல்ல ஆய்வு" என்றார். தேர்வு முடியும்வரை உதட்டைத் தைத்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா, அண்ணாச்சி?" என்றாள் சுடர்க்கொடி.

உங்கள் தோள்களால் எதைத் தூக்க முடியும்? "கிரேன் தூக்குறதை." கால்கள் எப்போது களைப்படையும்? "தரையில நின்னா." குறை ஏதேனும் உண்டா? "எனக்கென்ன கொறைச்சல்?" முழு எண். உத்தரம் மேலே போயிற்று, மேலேயே நின்றது. அமலி அதைத் தாலாட்டினாள்.

மாறப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "என்னோட அன்னிக்குப் பேச்சு உங்களை எவ்வளவு மாத்தியிருக்கு பாருங்க மேடம்!"

முதல் நாள் பணிக்குப் படகு கிளம்பியபோது சுடர்க்கொடி எல்லாருக்கும் ஒரே ஒரு விதி போட்டாள். மேலே இருப்பது யாராக இருந்தாலும் அண்ணாச்சி. படகுக்காரர்கள் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். தொம்மைதான் முரண்டு பிடித்தான்.

"அண்ணன் பொண்டாட்டியப் போயி அண்ணாச்சின்னு கூப்பிடுறதா? நாக்கு அழுகிரும். நா மதினியைப் பேர் சொல்லாம, ஒண்ணும் சொல்லாம இருந்துக்கிடுதேன்."

"ஒன் வாயி மூடி இருந்ததா சரித்திரமே இல்லையேல" என்றாள் அமலி.

கடலுக்குள் அந்தக் காற்றாலை, வானத்துக்கு முட்டுக்கொடுத்ததுபோல நின்றது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காந்தம் வைத்த சட்டைகளில் இருவரும் பல்லிபோல ஏறினார்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு? சட்டை இவ்வளவு பாதுகாப்பானதாக இருக்கும்போது கயிறு கட்டுவது விஞ்ஞானத்தை அவமதிப்பதாகும் என்று நிறுவனம் கயிற்றை மிச்சம் பிடித்திருந்தது.

மேலே போனதும் அமலிக்கு மூச்சு சீரானது. கீழே படகு ஒரு புளியங்கொட்டை. எத்தனையோ நாளைக்குப் பிறகு உலகம் அது அது இருக்க வேண்டிய அளவில் இருந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அப்போதுதான் ஒரு கடற்காகம், தொம்மையின் முகக்கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று நினைத்துப் பாய்ந்தது. தொம்மையின் ஒரு கை பிடிமானத்தை விட்டது. விட்டால் என்ன, மூன்று காந்தம் இருக்கிறதே! ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கீழே படகில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுக்கும் சட்டைகளுக்கும் இடையே ஒலிபெருக்கி திறந்திருந்தது. ஆபத்தைக் கண்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னார்கள்.

"ஏ யம்மா!"

தொம்மையின் சட்டை அதைக் கேட்டது. அம்மா என்கிறார்களே, இத்தனை நாளாக இந்த அம்மாளை ஆண் என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு, செய்த தப்பையெல்லாம் ஒரே மூச்சில் திருத்தியது. வயிற்றை இழுத்தது. அகன்று ஊன்றியிருந்த கால்களைப் பிடுங்கி முட்டியோடு முட்டியை ஒட்டியது. காகம் பறித்த கையை எடுத்து இல்லாத துப்பட்டாவைச் சரிசெய்தது. தொம்மை ஒற்றை உள்ளங்கையில், துவைத்துக் காயப்போட்ட துணிபோலத் தொங்கினான்.

"மதினி!" என்று அலறினான். "மதினி, என்னையக் காப்பாத்துங்க மதினி!"

அமலியின் வயிறு உள்ளே போயிற்று.

"ஏல, மதினின்னு கூப்பிடாதல!" அவள் முட்டிகள் ஒட்டத் தொடங்கின. ஒரு பாதம் 'டப்'பென்று கழன்றது. "அண்ணாச்சின்னு கூப்பிடு!"

"மாதாவே! எனக்கு நாக்கு வரலயே! மாதாவே!"

"மாதாவைக் கூப்பிடாத! சூசையப்பரக் கூப்பிடு! ஏ மூதி, சொல்லுதது கேக்கா?"

மூதி என்றதும் தொம்மையின் சட்டை இன்னும் நாணிக் கொஞ்சம் தலையைக் குனிந்தது. மூதேவியும் பெண்தானே. அந்த நெருக்கடியிலும் அது தன் கடமையை மறக்கவில்லை. அவன் காதுக்குள் ஓடிய குரல், திறந்திருந்த ஒலிபெருக்கி வழியாக எல்லாருக்கும் கேட்டது.

"வணக்கம். கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் உடல் உங்களுக்கு மனவருத்தம் தருகிறதா?"

"எனக்கு ஒடம்பே இல்ல!" என்று கத்தினான் தொம்மை. சாகப்போகிறவன் பொய் சொல்லமாட்டான். "வெறும் எலும்புதான் இருக்கு! பள்ளிக்கூடத்துலேருந்து நெத்திலி, நெத்திலின்னு..."

மேற்கொண்டு சொல்லக் காற்று விடவில்லை. அவன் உள்ளங்கைக் காந்தம் ஒரு விரற்கடை வழுக்கியது.

அமலிக்குப் புரிந்துவிட்டது. இவனைத் திட்டிக் காப்பாற்ற முடியாது. பிறந்ததிலிருந்து இவனுக்கு ஒருத்தரும் கொடுக்காத ஒன்றைக் கொடுத்தால்தான் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி" என்றாள், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கடன் கேட்கிற குரலில். "தொம்மை அண்ணாச்சி. பயப்படாதிய அண்ணாச்சி. காலை அகட்டி ஊனுங்க அண்ணாச்சி."

தொம்மையின் சட்டை நிமிர்ந்தது. கால்கள் அகன்று 'டப் டப்'பென்று இரும்பில் ஒட்டின. தொம்மைக்கு அந்த மரியாதையில் பாதி பயம் போயிற்று.

"இப்ப எனக்குச் சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"அ... அண்ணாச்சி" என்றான் தொம்மை. நாக்கு அழுகவில்லை. "அமலி அண்ணாச்சி."

அமலியின் தோள் விரிந்தது. இரண்டே எட்டில் குறுக்கே போய், அவன் சட்டையின் முதுகு வளையத்தைப் பிடித்துப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இறங்குகிற வழி முழுக்க இருவரும் சந்தைக்கடை வியாபாரிகள்போல, "பாத்து வைங்க அண்ணாச்சி", "ஆகட்டும் அண்ணாச்சி", "நீங்க மொதல்ல அண்ணாச்சி" என்றே பேசிக்கொண்டு வந்தார்கள். கீழே படகில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் 'யம்மா' என்று வந்துவிடுமோ என்று பயம்.

மேலே நடந்த அண்ணாச்சிக் கூத்து காதுக்கு எட்டி, விசாரணைக்கு மாறப்பன் படகிலேயே வந்தார். வரும் வழியெல்லாம் கடலுக்குத் தம் காலை உணவைத் தவணை தவணையாகக் கொடுத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க தேர்வுல ஏமாத்தியிருக்கீங்க. ஆம்பளைங்களோட தாளுக்குப் பதில் சொல்லியிருக்கீங்க. உங்க வேலையை நான் ரத்து செய்யணும்."

"ஆம்பளைத் தாளா? ஒங்க தாளுதான் பால் பேதம் இல்லாததாச்சே சார்? பித்தளையில எழுதிப் போட்டிருக்கியளே?"

மாறப்பன் பேனாவைத் திறந்தார், மூடினார். ரத்து செய்யக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் சட்டை ஒட்டுக் கேட்கிறது என்று எழுத வேண்டும். எழுதினால் பித்தளைப் பலகையோடு அவரையும் கழற்றிவிடுவார்கள்.

"சார், இதுக்கு வழி சுலபம்" என்றாள் சுடர்க்கொடி. "ரெண்டு தாளையும் சேத்து எல்லாருக்கும் ஒரே தாளாக் கொடுத்திருங்க. தெம்பையும் கேக்கட்டும், வருத்தத்தையும் கேக்கட்டும். வருத்தம் இல்லைன்னு சொல்லவும் ஒரு வழி வைங்க."

"அது எப்படிம்மா முடியும்? அப்போ ஆம்பளைங்ககிட்ட இடுப்பு, தொடைன்னெல்லாம் கேக்கணும். அவங்க சங்கடப்படுவாங்க."

"பொம்பளைங்க?"

"அவங்களுக்குப் பழக்கம்தானே" என்றார் மாறப்பன். சொல்லிவிட்டு மறுபடி கடல் பக்கம் தலையை நீட்டினார்.

அந்த வாரமே நிறுவனம் சுற்றறிக்கை விட்டது. கேள்வித்தாளில் ஒரு கமா கூட மாறவில்லை. 'காற்றாலையின் மேல் உள்ள அனைவரும், அவர் எவராயினும், அண்ணாச்சி என்றே விளிக்கப்படுதல் வேண்டும். ஆபத்துக் காலங்களில் அம்மா என்று அலறுவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும். தேவையெனில் அப்பா என்று அலறலாம்.' மாறப்பன் ஒரு கட்டுரையும் எழுதினார். பெண்களின் உடல் நிறைவு எண் தம் ஆலோசனைக்குப் பிறகு முழுமை அடைகிறது என்று நிறுவி, எங்கோ ஒரு மாநாட்டில் பொன்னாடை வாங்கினார். அடுத்து வேலைக்கு வந்த பெண்களும் அண்ணாச்சிகளாகி ஏறினார்கள். அமலியின் அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் 'திரு.' என்று வந்திருந்தது. அவள் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே கடல் தெரிய, இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஒருநாள் காலை, படகு கிளம்பும் முன், சட்டை மாட்டும் அறைக்குள் அமலி நுழைந்தபோது தொம்மை முன்னாடியே வந்து தன் சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தான். முகக்கண்ணாடி திறந்திருந்தது. பக்கத்துப் பெஞ்சில் பனியன்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய இரும்புக் கழுத்துப்பட்டிக்குள் அவன் கழுத்து, பானையில் போட்ட அகப்பைக் காம்பு மாதிரி இருந்தது.

"மதினி, ஒரு ஒத்தாசை."

"என்னல?"

"யாருட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லுல."

அவன் வாசலைப் பார்த்தான். "என்னைய ஒரு தடவ எக்கான்னு கூப்பிடுதியளா?"

அமலியின் வாயில் கேலி வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு வருஷத்துக்கு ஊரைச் சிரிக்கவைக்கக் கூடியது.

"மேல தொங்கும்போது அது கேட்டுச்சுல்லா" என்றான் தொம்மை, தரையைப் பார்த்துக்கொண்டு. "நா பதில் சொல்லி முடிக்கல. நல்லா இருக்கும்போது ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ மதினி. இந்த எழவுச் சட்டைகூட, தோளு எத்தனை தூக்கும், காலு எத்தனை தாங்கும்னுதான் கேக்கு."

அமலி வந்த கேலியையெல்லாம் எச்சிலோடு விழுங்கினாள்.

"எக்கா" என்றாள். "இந்தப் பெஞ்சில உக்காருங்க எக்கா. நெதானமாச் சொல்லுங்க."

அவன் வயிறு உள்ளே போவது சட்டைக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. முட்டிகள் ஒட்டின. பாடப்புத்தகக் குரல் மெல்ல எழுந்தது.

"வணக்கம். கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் உடல் உங்களுக்கு மனவருத்தம் தருகிறதா? எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது. இந்நான்கில் ஒன்றைக் கூறவும்."

"எப்போதும்" என்றான் தொம்மை.

அமலி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படித்துறையில் படகுக்காரர்கள் எஞ்சினை முடுக்கிவிட்டு, நேரமாகிறது என்று கையைக் காட்டினார்கள். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கதவை அடைத்து நின்றாள்.

"ஏல, அண்ணாச்சிமாரே! எஞ்சினை அமத்துங்க. இன்னைக்குப் பிந்தும்!"